கவனக்குறைவு அல்ல

பொன்னுத்தங்கம் இப்போது விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் கிட்டங்கியில் காம்பு கிள்ளுகிறாள். காலையில் ஏழேகால் பஸ்ஸில் ஏறிப் போய், மூக்கையும் வாயையும் பழைய துண்டால் சுற்றிக் கட்டிக்கொண்டு, நாள் முழுக்கத் தும்மியபடி வேலை பார்த்துவிட்டு, விரலெல்லாம் எரிய எரிய ஊர் திரும்புகிறாள். இருபது வருசம் பட்டாசுக் கம்பெனியில் கிடந்தவள். "அந்த வேலையை ஏம்மா விட்ட?" என்று யாராவது கேட்டால், "நான் எங்க விட்டேன்? என் வாய்தான் விட வச்சுது" என்று சொல்லிச் சிரிப்பாள்.

இந்தச் சிரிப்பு புதுசு. போன வருசம் வரைக்கும் அவளோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "யாரு, பொன்னுத்தங்கமா சிரிச்சா?" என்று வாயைப் பிளப்பார்கள்.

ஊர் அச்சங்குளத்துக்குப் பக்கம். அங்கே கிறிஸ்தவக் குடும்பங்கள் பதினைந்து தேறினால் அதிகம். ஓடு வேய்ந்த சின்னக் கோயில் ஒன்று இருக்கிறது. அதில் சுவரோரமாக, ஜன்னலுக்குக் கீழே, ஒரு ஞாயிறு தவறாமல் பொன்னுத்தங்கம் உட்காருவாள். கண்ணீர் விட்டுப் பாடுகிற பக்தி அவளுக்குக் கிடையாது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் யாராலும் அசைக்க முடியாத நம்பிக்கை. கடைசியில் ஒரு நாள் வரும், அன்றைக்கு எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும், ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நீ என்ன செய்தாய் என்று கேட்பார்கள். முதலாளியானாலும் சரி, மந்திரியானாலும் சரி, வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது.

இதை அவள் கோயிலோடு விட்டுவிட்டு வருகிறவள் இல்லை. ஐந்து நாளைக்கு ஒரு தடவை தெருக்குழாயில் தண்ணீர் வரும்போது வீட்டுக்கு எட்டுக் குடம் என்பது ஊர்ப் பேச்சு. யாரும் இல்லாத நேரத்திலும் எட்டாவது குடத்தோடு குழாயை அடைத்துவிட்டு வந்துவிடுவாள். பக்கத்து வீட்டுக் கோழி அவள் விறகுக் கட்டுக்குள் முட்டையிட்டால் முந்தானையில் ஏந்திக்கொண்டு போய்க் கொடுப்பாள். கம்பெனியில் அறைக்கு நாலு பேர் என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கும். தீபாவளி சீசனில் அதை யார் பார்க்கிறார்கள்? பொன்னுத்தங்கம் பார்ப்பாள். உள்ளே நாலு பேர் இருந்தால் ஐந்தாவது ஆளாக அவள் காலெடுத்து வைக்க மாட்டாள். "நாளைக்கு என்னையக் கேட்டா நான்தான பதில் சொல்லணும்?" என்று சொல்லிவிட்டு, அன்றைய கூலியை விட்டுவிட்டு வேனுக்காக வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

அவளோடு ஒரே அறையில் வேலை பார்த்த பாலம்மாள் அவளுக்கு வைத்த பேர் 'தீர்ப்பு'. பாலம்மாள் இருக்கன்குடிக்கு வருசா வருசம் அக்கினிச்சட்டி எடுக்கிறவள். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய்.

"ஏ தீர்ப்பு, ஒன்பதாவது குடத்தை ஆண்டவர் வந்து எண்ணவா போறாரு?"

"எண்ணுவாரு."

"அவருக்கு வேற சோலி இல்லையாக்கும்!"

"இல்ல. இதுதான் அவருக்குச் சோலி" என்பாள் பொன்னுத்தங்கம், முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவள் புருசன் எபநேசர் வெடி விபத்தில் செத்து அப்போது பன்னிரண்டு வருசம் ஆகியிருந்தது. அது வேறொரு கம்பெனி. அங்கே போர்மேனாக இருந்தவன் கருப்பணன். போர்மேன் என்றால் எந்த அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று பார்த்துப் பொறுப்பேற்க வேண்டிய ஆள். எபநேசருக்கு உயிர்ச் சிநேகிதன். கிறிஸ்துமஸ் அன்றைக்கு இவர்கள் வீட்டில்தான் கறிச்சோறு தின்பான். பொன்னுத்தங்கத்தைத் தங்கச்சி என்பான், இவள் அவனை அண்ணே என்பாள். சீசன் நெருக்கடியில் மேலேயிருந்து ஆர்டர் ஆர்டர் என்று குடைந்ததில், அந்தக் கருப்பணன் நாலு பேர் அறையில் எட்டுப் பேரை உட்கார வைத்தான். மத்தியானம் அறை பறந்துவிட்டது. மூன்று உயிர். அதில் ஒன்று எபநேசர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், புருசன் உடம்பை இன்னும் கண்ணால் பார்க்காத நிலையில், யாரோ ஒரு தாளை நீட்டினார்கள். பொன்னுத்தங்கம் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டாள். அதன் நகல் வீட்டுக்கு வந்த அன்றைக்கு, நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள் சுகிர்தா அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள். எபநேசர் என்பவர் மருந்துத் தட்டைத் தரையில் இழுத்ததால் உராய்வு ஏற்பட்டு, அவரது கவனக்குறைவினால் விபத்து நேர்ந்தது என்று இருந்தது.

"கவனக்குறைவுன்னா என்னம்மா?" என்று கேட்டாள் பிள்ளை.

என்னத்தைச் சொல்ல? மருந்துத் தட்டை ரெண்டு கையாலும் தூக்கி, பச்சைப்பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இறக்கி வைக்கிற மனுசன் எபநேசர். அவனா இழுத்தான்? எட்டுப் பேர் இருந்த பேச்சே அந்தத் தாளில் இல்லை. கருப்பணன் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயமோ, உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று பயமோ, செத்தவன் தலையில் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டான். அவன் வீட்டு வாசலில் போய் மண்ணை வாரித் தூற்று என்று சொந்தபந்தமெல்லாம் பொன்னுத்தங்கத்தைத் தூண்டியது. அவள் போகவில்லை. "எதுக்கு மண்ணு? ஆண்டவர் பாத்துக்கிடுவாரு" என்றாள்.

சொன்னதோடு இருந்தாளா? ஒவ்வொரு ஞாயிறும் முழங்காலில் நின்று அதை ஆண்டவருக்கு ஞாபகப்படுத்தினாள். மகள் படிப்பு, ஊரில் மழை, நோயாளிகளின் சுகம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கடைசியில், "அந்தக் கருப்பணனையும் மறந்துறாதேயும்" என்று ஒரு வரி. இதையெல்லாம் ஜெபம் என்று சொல்லலாமா என்று கோயில் பெரியவர்களிடம் அவள் கேட்டதில்லை.

அந்தக் கருப்பணன், சுற்றிச் சுற்றி, ரெண்டு வருசத்துக்கு முன்னால் இவள் கம்பெனிக்கே போர்மேனாக வந்து சேர்ந்தான். தலை பாதி நரைத்திருந்தது. பாலம்மாளுக்குப் பொழுது போயிற்று.

"பாத்தியாத்தா, உங்க சாமி ஆளை உன் கண்ணு முன்னாலயே கொண்டாந்து விட்டிருக்கு. எங்க மாரியாத்தாகிட்டச் சொல்லியிருந்தா ஒரே ஆடியில சோலியை முடிச்சிருப்பா."

பொன்னுத்தங்கம் அவனோடு பேசவில்லை. அவன் ஏதாவது கேட்டால் தலையை மேலும் கீழும் ஆட்டுவாள், அல்லது பக்கவாட்டில் ஆட்டுவாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். அவனும் கட்டாயப்படுத்தவில்லை. சாயங்காலம் ஒவ்வொரு அறையாகப் போய், தட்டுத் தட்டாகத் தூக்கிப் பார்த்து, மூலை முடுக்கெல்லாம் குனிந்து பார்த்துப் பூட்டுகிறவன், ஏழாம் நம்பர் அறைக்கு, அதாவது அவள் அறைக்கு வந்தால் மட்டும் வாசலோடு நின்றுகொள்வான். "மிச்சம் இருக்கா தங்கச்சி?" என்று கேட்பான். அவள் தலையாட்டுவாள். பூட்டிவிட்டுப் போய்விடுவான். அந்தத் தங்கச்சியை அவன் விடவில்லை.

போன வருசம் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. மறுநாள் கோயிலில் அசனம். அறுப்பின் பண்டிகை முடிந்ததும் சபை முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து அது. ஊரில் உள்ள மற்ற ஜனங்களுக்கும் அன்றைக்கு அங்கேதான் சாப்பாடு. காய் நறுக்குகிற பொறுப்பு எத்தனையோ வருசமாகப் பொன்னுத்தங்கத்துடையது. அஞ்சு மணிக்குக் கத்தரிக்காய் மூட்டை வந்துவிடும்.

அன்றைக்குப் பார்த்து மூன்று மணிக்கு மேல் கலவை அறையிலிருந்து கூடுதலாக ஒரு தட்டு மருந்து வந்தது. பூச்சட்டிக்கு நிரப்புகிற மருந்து. எவ்வளவு வேகமாக நிரப்பியும் வேன்காரன் ஹாரன் அடிக்கும்போது தட்டில் பாதி கிடந்தது. அறையில் இருந்த மற்ற ரெண்டு பேரும் வேனுக்குப் போய்விட்டார்கள். கலந்த மருந்தை அறையில் வைக்கவே கூடாது. மிச்சத்தைப் போர்மேனிடம் ஒப்படைக்க வேண்டும், அவன் அதைக் குழிக்குக் கொண்டுபோய் அழிக்கிறவரை கூட நிற்க வேண்டும். அரை மணி நேரம் ஓடிவிடும். அதைவிட, வாயைத் திறந்து அவனிடம், "மிச்சம் இருக்கு" என்று சொல்ல வேண்டும். இத்தனை வருசம் பேசாத வாயை அரைத்தட்டு மருந்துக்காகத் திறப்பதா?

பொன்னுத்தங்கம் தட்டைத் தூக்கி மூலையில் வைத்தாள். மேலே ஒரு பழுப்புத் தாளைப் போட்டு மூடி, முன்னால் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கினாள்.

பாலம்மாளுக்குக் கண் விரிந்துவிட்டது. "ஏ தீர்ப்பு, என்ன செய்ற நீ?"

"திங்கக்கிழமை முத வேலையா நிரப்பிருவேன். ஒரு நாளுதான. காய் நறுக்க ஆளு இல்லத்தா அங்கன."

வாசலில் கருப்பணன் வந்து நின்றான். "மிச்சம் இருக்கா தங்கச்சி?"

என்றைக்கும் போல அவன் முகத்தைப் பார்க்காமல், பொன்னுத்தங்கம் பக்கவாட்டில் தலையாட்டினாள். அவன் பூட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். அவள் ஓடிப்போய் வேனில் ஏறினாள்.

மறுநாள் அசனம் பிரமாதம். கத்தரிக்காய்க் கூட்டை ஊரே கேட்டுக் கேட்டு வாங்கியது. மதுரையில் நர்ஸிங் படிக்கிற சுகிர்தாவும் லீவுக்கு வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பரிமாறினாள். நாலு மணிக்கு இடியோடு மழை பிடித்தது. பந்தலை விட்டுக் கோயிலுக்குள் ஓடும்போது, ஏழாம் நம்பர் அறை மூலையில் ஓடு ஒழுகுமே என்று ஒரு நினைப்பு பொன்னுத்தங்கத்துக்கு வந்தது. வந்ததை உதறிவிட்டு அண்டாவைக் கழுவப் போனாள்.

இருபது வருசம் அந்த வேலை பார்த்தவளுக்குத் தெரியாதா? அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறும். நெருப்பே வேண்டாம், உராய்வும் வேண்டாம்.

திங்கட்கிழமை காலை வேன் கம்பெனிக்குள் நுழையவில்லை. வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆறரை மணிக்கு ஏழாம் நம்பர் அறை வெடித்துவிட்டது. நாலு சுவரில் ஒன்றுதான் நின்றது. நல்லவேளையாக உள்ளே ஆள் இல்லை. காவலாளி சின்னச்சாமி அப்போதுதான் அந்தப் பக்கம் சுற்றிவிட்டு டீக்கடைக்குப் போயிருந்தார். ரெண்டு நிமிசம் முந்தியிருந்தால் அவர் கதையும் முடிந்திருக்கும். அவர் காது ரெண்டையும் பொத்திக்கொண்டு, யார் என்ன கேட்டாலும், "ஆங்? ஆங்?" என்றுகொண்டிருந்தார்.

பத்து மணிக்குள் போலீஸ் வந்தது. அறையில் மருந்து எப்படி இருந்தது, பார்க்காமல் எப்படிப் பூட்டினாய் என்று கேட்டுக் கருப்பணனை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது அவன் கூட்டத்தில் பொன்னுத்தங்கத்தைத் தேடிப் பார்த்தான். அவள் பாலம்மாள் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

திரும்புகிற வேனில் பாலம்மாள் அவள் காதோரம் குனிந்தாள். "பாத்தியாடி? உன் ஆண்டவரு கண்ணைத் தொறந்துட்டாரு. அதுவும் உன் கையாலயே செய்ய வச்சிருக்காரு. தட்டு சமாச்சாரம் உனக்கும் எனக்கும்தான் தெரியும். நான் செத்தாலும் சொல்ல மாட்டேன்."

பொன்னுத்தங்கத்துக்குச் சந்தோசமாக இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? பன்னிரண்டு வருசமாகக் கேட்டது கிடைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்து கருவாட்டுக் குழம்பு வைத்து, மகளுக்கும் போட்டு, தானும் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். அப்புறம் நன்றி சொல்ல முழங்கால் போட்டாள். "ஆண்டவரே, கேட்டீரே" என்றாள். அடுத்த வார்த்தை வரவில்லை. மறுபடியும் ஆரம்பித்தாள். மறுபடியும் வரவில்லை. மகள் எட்டிப் பார்த்து, "என்னம்மா, முடிஞ்சுதா?" என்று கேட்டாள். முடிந்தது என்று தலையாட்டிவிட்டு எழுந்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி இருக்கும். வாசலில் ஒரு பொம்பளை வந்து நின்றாள். கருப்பணன் சம்சாரம் சோலையம்மாள். அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தது. இவளிடமும் பன்னிரண்டு வருசமாகப் பேச்சு இல்லை.

"உள்ள வரல மதினி. உங்க வீட்டுக்குள்ள வர எங்களுக்கு முகம் ஏது?" என்றாள் சோலையம்மாள். "ஒண்ணே ஒண்ணு கேக்க வந்தேன். நேத்து ஸ்டேஷன்ல போய் அவரைப் பாத்தேன். 'பொன்னுத்தங்கம் ரூம்ல மிச்சம் இருக்காது, அதான் உள்ள போய்ப் பாக்காமப் பூட்டுனேன்'னு போலீசுகிட்டச் சொல்லிக்கிட்டே இருக்காரு. வேற எவனோ கொண்டாந்து வச்சிருக்கணும்கிறாரு. அவுக நம்ப மாட்டேங்காக. நீங்க வந்து, மிச்சம் இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னீகன்னா, அவரு சொன்னது நிசம்னு ஆகும். நீங்க சொன்னா ஊரே நம்பும் மதினி. நீங்க பொய் சொல்ல மாட்டீக."

இத்தனை வருசமாக எட்டுக் குடத்துக்கு மேல் பிடிக்காமல், ஐந்தாவது ஆளாக உட்காராமல் சேர்த்து வைத்த பேர் அது. அந்தப் பேரை நம்பித்தான் ஒருத்தன் பூட்டைப் போட்டிருக்கிறான். பொன்னுத்தங்கம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"போங்க. வாரேன்" என்றாள்.

உள்ளே திரும்பினால் சுகிர்தா நிற்கிறாள். பொன்னுத்தங்கம் தட்டு விஷயத்தை மகளிடம் ஒன்று விடாமல் சொன்னாள். கேட்கக் கேட்கப் பிள்ளைக்கு முகம் வெளிறிவிட்டது.

"அம்மா, உனக்குக் கிறுக்கா? நீ போய்ச் சொன்னா உன்னைய உள்ள வைப்பாங்க. எனக்கு இன்னும் ஒரு வருசம் படிப்பு கெடக்கு. யாருக்காக? அப்பா சாகக் காரணமா இருந்த ஆளுக்காகவா? அவரு அன்னைக்கு நமக்காக வாயைத் தொறந்தாரா?"

"தொறக்கல."

"அப்புறம் என்ன? ஆண்டவர் பாத்துக்கிடுவாருன்னு நீதான சொல்லுவ?"

"ஆமடி, சொன்னேன். அந்த மனுசனுக்கு ஒரு நாள் வரும், எல்லார் முன்னாலயும் நிப்பாருன்னு பன்னெண்டு வருசமா அதையே நெனச்சுக்கிட்டு இருந்தேன். நானும் அங்கனதான நிக்கணும்? அது எனக்கு ஒரு நாளும் தோணலயே சுகி!" பொன்னுத்தங்கம் கொடியிலிருந்து நல்ல சேலையை உருவினாள். "என்னைய ஆண்டவர் என்னன்னு கேப்பாரு? மிச்சம் இருக்கான்னு ஒருத்தன் கேட்டான், நீ என்ன சொன்னன்னு கேக்க மாட்டாரா? வாயால சொல்லல ஆண்டவரே, தலையைத்தான் ஆட்டினேன்னு சொல்லச் சொல்றியா?"

சுகிர்தா கோபத்தோடு செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் வயசுப் பையன்தான். காலையிலேயே களைத்துப் போயிருந்தார். சுவரோரமாகப் பெஞ்சில் கருப்பணன் உட்கார்ந்திருந்தான், சட்டைப் பொத்தான் ரெண்டு கழன்றிருந்தது. சுகிர்தாவை வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டார்கள்.

"ஏழாம் நம்பர் ரூம்ல வேலை பாக்குறவ நான்தான் சார். அரைத்தட்டு மருந்து மிச்சம் இருந்துச்சு. நான்தான் மூலையில மறைச்சு வச்சேன்" என்றாள் பொன்னுத்தங்கம்.

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரும்மா உன்னைச் சொல்லச் சொன்னது? கம்பெனியில இருந்து அனுப்பினாங்களா?"

"யாரும் அனுப்பல."

"சார், அது பொய்யி" என்று பெஞ்சிலிருந்து கருப்பணன் எழுந்துவிட்டான். "அவுக அப்படிச் செய்யிற ஆளே கிடையாது."

பொன்னுத்தங்கம் திரும்பி அவனைப் பார்த்தாள். பன்னிரண்டு வருசத்தில் முதல் தடவையாக நேருக்கு நேராகப் பார்த்தாள். கிழவனாகிவிட்டான்.

"மிச்சம் இருந்துச்சு அண்ணே" என்றாள். அந்த அண்ணே தானாக வந்து விழுந்தது. "நீங்க கேட்டீக. நான் இல்லன்னு தலையாட்டினேன். உங்ககூடப் பேசக் கூடாதுங்கிற வீம்பு எனக்கு."

கருப்பணன் பெஞ்சில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னான். "விட்ருங்க தங்கச்சி. வீட்டுக்குப் போங்க. பாக்காமப் பூட்டுனது நான்தான. எபநேசருக்கு நான் செஞ்ச துரோகத்துக்கு இதை அனுபவிச்சுட்டுப் போறேன். அதுக்கு இதுவாவது ஆகட்டும்."

இதைவிட வேறென்ன வேண்டும் ஒருத்திக்கு? கேட்ட தண்டனையை அவனே தலைகுனிந்து வாங்கிக்கொள்கிறேன் என்கிறான். சும்மா திரும்பி நடந்தால் போதும்.

"ஆகாது" என்றாள் பொன்னுத்தங்கம். "அதுக்கு நீங்க பதில் சொல்லணும். இதுக்கு நான் பதில் சொல்லணும். அதைத் தூக்கி இதுல போட நீங்க யாரு? நான்தான் யாரு? சார், நீங்க எழுதுங்க."

எழுதுகிறவர் காமராஜ் என்று ஒரு ஏட்டு. ரொம்ப இளகின மனசு. விதவைப் பொம்பளை, படிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு தானாக வந்து மாட்டிக்கொள்கிறாளே என்று அவருக்குப் பரிதாபம். எழுதி முடித்து, "இங்கன கையெழுத்துப் போடும்மா" என்று தாளை நீட்டினார்.

"வாசிச்சுக் காட்டுங்கய்யா. ஒரு தடவை வாசிக்காமப் போட்டுட்டேன்" என்றாள்.

ஏட்டு வாசித்தார். வேலை முடியும் நேரத்தில் வேனுக்கு அவசரமாகக் கிளம்பியதில், மீதமிருந்த மருந்தைக் கவனக்குறைவாக அறையிலேயே விட்டுச் சென்றுவிட்டேன் என்று எழுதியிருந்தார்.

"அந்தச் சொல்லை அடிங்கய்யா."

"எதைம்மா?"

"கவனக்குறைவு. அது இல்ல. தெரிஞ்சுதான் வச்சேன். தாளைப் போட்டு மூடி, பெட்டியை அடுக்கி மறைச்சேன். கேட்டவர்கிட்ட இல்லன்னேன். அப்படியே எழுதுங்க."

ஏட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "அம்மா, நல்லாப் புரிஞ்சுக்கிடு. அந்தச் சொல்லு இருந்தா உனக்குத்தான் நல்லது. கேஸ் லேசாப் போயிரும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியும் சார். அந்தச் சொல்லு யாருக்கு நல்லதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். என் வீட்டுக்காரர் மேல அதைத்தான் எழுதினாக. அவரு ஒரு நாளும் கவனக்குறைவா இருந்ததில்ல."

ஏட்டு அந்தச் சொல்லைக் கோடு போட்டு அடித்தார். மேலே, தெரிந்தே என்று எழுதினார். பொன்னுத்தங்கம் விரலால் தொட்டுத் தொட்டு அந்த வரியை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அப்போதுதான் கருப்பணன் மறுபடியும் எழுந்தான். முகமெல்லாம் ஈரம்.

"சார், அங்கனயும் அந்தச் சொல்லை அடிக்கணும் சார்."

"எங்கய்யா?"

"எபநேசர் தாள்ல. அவன் தட்டை இழுக்கல சார். நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு கையாலயும் தூக்கித்தான் வச்சான். எட்டுப் பேரை நான் உக்கார வச்சதுல இடமில்லாம, பக்கத்துல இருந்தவன் முழங்கால் தட்டுல இடிச்சிருச்சு. எபநேசர் மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் சார் சொல்லாம இருந்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அது மூடின ஃபைல்யா. பன்னெண்டு வருசம் ஆச்சு. இப்ப யாரு தொறப்பா?" என்றார். ஆனாலும் குரலில் அதட்டல் இல்லை. ஏட்டு சும்மா பேனாவின் மூடியைத் திருகித் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் நாலு மணிக்கு, ஜாமீனுக்குக் கோயிலிலிருந்து ரெண்டு பேர் வந்து கையெழுத்துப் போட்ட பிறகு, பொன்னுத்தங்கத்தை விட்டார்கள். கேஸில் இப்போது ரெண்டு பேர், அவளும் கருப்பணனும். கம்பெனியிலிருந்து போன் வந்துவிட்டது, இனி வேனுக்கு நிற்க வேண்டாம் என்று. வெளியே வேப்பமரத்தடியில் சுகிர்தா காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

"கேஸ் போட்டுட்டாங்களாம்மா?"

"போட்டாச்சு."

"வேலை?"

"போச்சு."

"அப்புறம் ஏம்மா உன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள் சுகிர்தா. அம்மா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பொன்னுத்தங்கம் மகளின் ரெண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பா இழுக்கலயாம்டி. தூக்கித்தான் வச்சாராம்" என்றாள்.